வெந்நீரில் போடாத இலை

டயாலிசிஸ் இனி வேண்டாம் என்று சொன்ன கையோடு என் வீட்டுக்காரர் பிராங்க்ளின் கேட்டது பாதிரியாரை அல்ல, சாலட்டை. எதையும் ஊரார் மாதிரி செய்யமாட்டார்.

"அன்னைக்கு ஜாஸ்லின் வாங்கிக் கொடுத்தாளே, பச்சை இலை, பழம், சீஸ் எல்லாம் போட்டு. அதைப் பண்ணித் தாயேன்."

மகள் தன் முதல் சம்பளத்தில் ஹோட்டலுக்கு அழைத்துப்போனபோது, "ஆட்டுக்குப் போடுற தழைக்கு ஹோட்டல் எதுக்கு?" என்று கேலி பேசியவர் இவர்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்றேன். பிறகு என் தட்டில் இருந்ததையும் வழித்துத் தின்றார். அடுத்த வருஷமே சிறுநீரகம் போனது. கீரையிலும் பழத்திலும் இருக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும், சீஸும் ஆகாது என்றார் டாக்டர்.

அன்று முதல் எந்தக் காயானாலும் நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, சத்தையெல்லாம் வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமைத்தேன். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் ஆப்பிளை வாசலிலேயே வாங்கிப் பக்கத்து வீட்டு பானுமதியிடம் கொடுத்துவிடுவேன். இவளுக்குக் கிறுக்கு என்றார்கள் சொந்தக்காரர்கள். பேசட்டும். அவர் உயிரோடு இருந்தார்.

இப்போது மெஷினில் படுத்தால் பாதியிலேயே மயங்கிவிடுகிறார். இதயம் தாங்கவில்லை. "இனி அவர் இஷ்டம்" என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார். சரி என்று சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை.

ஆனாலும் தில்லைநகர் வரை போய் லெட்டூஸ் இலையும் சீஸும் வாங்கினேன். காந்தி மார்க்கெட்டில் ஆரஞ்சு, மாதுளை. அவர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருடைய வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்துவிட்டு, இலையை நறுக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் ஜாஸ்லின் சென்னையிலிருந்து வந்துவிடுவாள் என்று ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன்.

"ரோசரி, என்ன பண்றே?"

குனிந்து பார்த்தேன். நறுக்கிய இலையெல்லாம் வெந்நீரில் கிடந்தது. அடுப்பில் தண்ணீர் வைத்ததே எனக்கு நினைவில்லை. பச்சை கறுத்து, ஈரத்துணி மாதிரி துவண்டிருந்தது.

"பழக்கதோஷங்க."

"பழக்கம் இல்ல. என்னைப் போகவிட உனக்கு மனசு வரல."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஆமா, வரல! நீங்களா முடிவு பண்ணிட்டா ஆச்சா? நான் இத்தனை வருஷம் வடிச்சுக் கொட்டினது இதுக்குத்தானா?"

"நீ வடிச்சுக் கொட்டினதாலதான் இத்தனை வருஷம் ஓடுச்சு," என்றார். "இனிமே முடியலம்மா. அந்த ஊசியை நினைச்சாலே உடம்பு நடுங்குது."

கெஞ்சிப் பழக்கமில்லாத மனுஷர். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, துவண்ட இலையைக் குப்பையில் கொட்டினேன். மிச்சமிருந்ததைக் குழாய்த் தண்ணீரில் அலசிக் கையாலேயே பிய்த்துப் போட்டேன். ஆரஞ்சுச் சுளை, மாதுளை முத்து, சீஸ் துண்டு, மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு.

"உப்பு?" என்றார்.

அதையும் போட்டேன்.

அவர் இலையைக் கடிக்கும் சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது. அப்போதுதான் என் போன் அடித்தது. ஆஸ்பத்திரிக்கு எங்களை வழக்கமாக அழைத்துப்போகும் ஆட்டோக்காரர் நஸ்ருல்லா.

"டீச்சரம்மா, நாளைக்கு எப்பவும் போல விடியக்காலைல வந்துடட்டுமா?"

பிராங்க்ளின் மெல்லுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"வேணாம் தம்பி," என்றேன். "இனிமே வர வேணாம்."

அவர் மறுபடியும் மெல்ல ஆரம்பித்தார்.