ஏழு நாள் மௌனம்

அண்ணனின் மூச்சு ஒரு குழாய் வழியாகத்தான் வந்துபோனது. தசைகள் கைவிட்ட பிறகு, படுத்தால் முகத்தில் மாஸ்க், தலைமாட்டில் கருவி. குழாய் கழன்றால் கருவி பத்து விநாடிக்குள் கத்த வேண்டும். எந்தக் கம்பெனி செய்த கருவியானாலும் இப்படித்தான் கத்த வேண்டும் என்று சொல்லும் பொதுத் தரநிலையை, பல ஊர்களில் இருந்தபடி சம்பளமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தவர்களில் தங்கையும் ஒருத்தி.

அந்த ஆவணம் இணையத்தில் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். இருவர் படித்துப் பார்த்து டிக் போட்டு, ஏழு நாளில் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் அது சேர்ந்துவிடும். அந்த ஏழு நாள் விதியே அவள் சண்டை போட்டுக் கொண்டுவந்தது. ஒரு புள்ளி இடம் மாறினாலும் பிடித்துவிடுவாள் என்று குழுவில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். பெயர் பெரிதானால் கண் மேலே போய்விடும் போலிருக்கிறது.

அன்று மதியம் ஒரு புது ஆள் குழுவில் கேட்டிருந்தார்: "குழாய் கழன்றால் நூற்றிருபது விநாடி காத்திருக்கச் சொல்வது ஏன்?"

"தப்பாகப் படித்திருக்கிறீர்கள். பத்துதான்" என்று பட்டென்று பதில் போட்டாள். போட்டுவிட்டுத்தான் அட்டவணையைத் திறந்தாள்.

நூற்றிருபது என்றே இருந்தது. அடுத்த வரியில், பேட்டரி இறங்கினால் பத்து.

பழைய திருத்தங்களைப் புரட்டினாள். யார், எந்த நாள், எந்த வரியைத் தொட்டார்கள் என்பது அங்கே அழியாமல் இருக்கும். நான்கு மாதங்களுக்கு முன் யாரோ அட்டவணைகளின் கோணல்மாணலை நேராக்கியிருந்தார். இருநூறு பக்கம். அதில் இரண்டு எண்கள் இடம் மாறிவிட்டன. முதல் டிக் அவளுடையது. "வெறும் இடைவெளிதான், சேர்க்கலாம்." ஒரு பக்கத்தைக்கூடத் திறந்து பார்க்காதது இப்போது நன்றாக நினைவுக்கு வந்தது. பூதக்கண்ணாடியே பார்த்தாயிற்று, நமக்கென்ன என்று இரண்டாமவரும் போட்டிருப்பார். ஏழு நாளும் யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு எண்களையும் பழையபடி மாற்றித் திருத்தம் அனுப்பினாள். தானியங்கி உடனே பதில் சொன்னது: இரண்டு டிக் தேவை. ஏழு நாள் காத்திருக்கவும்.

பின் அறைக்கு ஓடினாள். அண்ணி அண்ணனுக்கு மாஸ்க்கை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, மெஷினுக்கு அப்டேட் ஏதாவது வந்துச்சா?"

"போன வாரம் தானாவே வந்துச்சும்மா. நல்ல அப்டேட். முன்னாடி புரண்டு படுத்தாலே கத்தும். இப்ப ஒரு சத்தம் இல்ல. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் இந்த வாரம்தான் நிம்மதியா தூங்குறேன்."

தங்கை நடந்ததைச் சொன்னாள். அண்ணி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கழட்டிப் பாத்துரு," என்று சிரித்தான் அண்ணன், மாஸ்க்குக்குள்ளிருந்து. "உக்காந்திருந்தா கொஞ்ச நேரம் தாங்குவேன். உன் டிக்கை நம்பினது போதும்."

தங்கை அவனை நிமிர்த்தி உட்காரவைத்துக் குழாயை இழுத்தாள். அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். பத்து. இருபது. முப்பது. கருவி பச்சை விளக்கோடு பரம சாதுவாக நின்றது. நாற்பதில் அண்ணனின் சிரிப்பு நின்றது. ஐம்பதில் தங்கை குழாயைச் செருகிவிட்டாள்.

கம்பெனிக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் இருந்தவன் பொறுமையாகவே பேசினான்.

"எல்லாம் தரநிலைப்படிதான் இருக்கு மேடம். அவங்க மாத்தினா நாங்களும் மாத்திடுவோம்."

"அந்த அவங்க நான்தான்," என்றாள். அவனுக்குப் புரியவில்லை.

அண்ணி மூலையில் இருந்த நாற்காலியிலிருந்து துணிக்குவியலை இறக்கிவைத்து, அதைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள். இனி அவளுக்குத் தூக்கம் இல்லை.

தங்கை தன் மேசைக்குத் திரும்பினாள். புது ஆளின் பதில் வந்திருந்தது.

"மறுபடி பார்த்தேன். நூற்றிருபதுதான் இருக்கிறது. முந்தாநாள் அப்பாவுக்குக் குழாய் கழன்றது. நாங்கள் எல்லோரும் அடுத்த அறையில்தான் இருந்தோம். கருவி கத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. அதனால்தான் கேட்டேன்."

அதற்கு மேலே அவளுடைய வரி அப்படியே நின்றது. தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.