இரண்டாவது வரியில் ஒரு நிறுத்தம்

"கிட்டார்ல ஜி மேஜர்ல இருந்து சி மேஜருக்கு நான் மாறின வேகம் இருக்கே மகன், எண்ணூறு பேர் பின்னுக்கு நின்னுட்டாங்க! வாயைத் திறந்தபடி! பாதரும் சேர்த்து!"

போன ஞாயிறு டக்ளஸின் கணக்கில் அது அறுநூறு பேராக இருந்தது. அதற்கு முந்திய ஞாயிறு நானூறு. மனைவி மேபலை அடக்கம் பண்ணிய அன்று அம்பிட்டியவில் அவருடைய வீட்டு முன்னறையில் நெருக்கியடித்து நின்றவர்கள், உள்ளதைச் சொன்னால், நாற்பது பேர். அந்த அறைக்கு அதற்கு மேல் வயிறு கிடையாது.

இத்தாலியிலிருந்து போன் திரையில் றஜீவ் சலித்துக்கொண்டான். "டாடி, எத்தனை தரம் சொல்றது? ஆளுங்க நிக்கல. லைன்தான் நின்னுச்சு. படம் அப்படியே உறைஞ்சுபோச்சு, அதோட கட்டாயிருச்சு."

"லைனா? அடடா!" என்று டக்ளஸ் குலுங்கிச் சிரித்தார்.

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. அன்று போனைத் தூக்கிப் பிடித்து மகனுக்குக் காட்டியவள் மேபலின் தங்கை ஜூலி. "அத்தான், இங்க லைன் நல்லாத்தான் இருந்திச்சு. அவன்தான் அந்தப் பக்கம் நிப்பாட்டிட்டான்" என்று அன்று மாலையே அவள் சொல்லிவிட்டாள். வருகிறேன் வருகிறேன் என்று ஐந்து மாதம் தாயை ஏய்த்தவன், கடைசிப் பாட்டையும் பாதியில் விட்டுப் போனான். அதை அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். டக்ளஸுக்கு இனி உலகத்தில் வேண்டியது அந்த ஒரு சொல்தான். நேரே கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுவான். அதில் அவனுக்குப் பழக்கமுண்டு. ஆகவே, மறுக்கிற வேகத்தில் அவன் வாய் தவறட்டும் என்று வாராவாரம் இருநூறு பேரைக் கூட்டித் தூண்டில் போட்டார்.

கிட்டார் றஜீவுடையதுதான். அலுமாரிக்கு மேல் பதினொரு வருடம் கிடந்தது. மேபல் படுக்கையில் விழுந்த பிறகு அறுபத்தேழு வயதில் டக்ளஸ் அதை இறக்கினார். அவளுக்குப் பிடித்த மாதா பாட்டு ஒன்று. இரண்டே விரல்பிடிகள், ஜியும் சியும். போனைப் பார்த்தே படித்தார். ஜியிலிருந்து சிக்குப் போக இரண்டு விரல்கள் ஆளுக்கொரு கம்பி இறங்க வேண்டும், சுட்டுவிரல் இரண்டாம் கம்பிக்கு ஓட வேண்டும், சின்னவிரல் ஒதுங்கி நிற்க வேண்டும். எந்த மடையனும் செய்வான். ஆனால் வத்தேகம தபால் கந்தோரில் முப்பத்திநாலு வருடம் முத்திரை குத்திய விரல்கள், மேலிடத்து உத்தரவில்லாமல் அசைய மறுத்தன. அவை இடம் மாறிச் சேருவதற்குள் ஒருவர் தேத்தண்ணி குடித்து, கோப்பையும் கழுவிக் கவிழ்த்து வைக்கலாம்.

மேபல் அவசரப்படவில்லை. இரண்டாவது வரியின் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். விரல்கள் போய்ச் சேர்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வாள்.

"கஷ்டப்படாதீங்க. நான் எங்க போகப் போறேன்?" என்பாள்.

அவளால் கோவிலுக்குப் போக முடியாததால் சனிக்கிழமை ஜெபமாலைக்கு ஒழுங்கைச் சனம் முழுக்க அந்த வீட்டுக்கே வந்தது. ஜெபமாலை முடிய அந்தப் பாட்டு. அவள் நிற்கும் இடத்தில் எல்லாரும் நின்றார்கள். நாலு வாரத்தில் பாட்டே அப்படித்தான் என்றாகிவிட்டது. தேங்காய் துருவிக்கொண்டு பாடினாலும் அந்த இடத்தில் கை நிற்கும். பங்குக் கோவிலுக்கும் அந்த நோய் பரவி, ஓகன் வாசிப்பவர் வேலையை விடப்போவதாக மிரட்டினாராம்.

அடக்கத்தன்று, பெட்டி மூடுவதற்கு முன் டக்ளஸ் கிட்டாரை எடுத்தார். முதல் வரி. இரண்டாவது வரி. ஐந்து மாதம் அடம்பிடித்த விரல்கள் அன்று, யாரும் கேட்காமலே, ஒரே மூச்சில் போய் சியில் உட்கார்ந்தன. இம்மியும் பிசகவில்லை.

ஆனால் நாற்பது பேரும் நின்றுவிட்டார்கள். மேபல் பழக்கிய பழக்கம். திறந்த வாய்களுக்கு நடுவே சி மட்டும் தனியாக ஒலித்தது. அவள் காத்துக் காத்துக் கிடந்த சி. அவள் கேட்கவில்லை.

"அன்னைக்குப் பேராதனைத் தோட்டத்து வௌவாலெல்லாம் பறக்கிறத நிப்பாட்டிச்சு மகன்."

"டாடி, போதும்."

"சரி, விடு." டக்ளஸ் குரலை இறக்கினார். "உன்ட லைன் நின்னதும் ஒரு வகைக்கு நல்லதுதான். உண்மையச் சொல்றேன், அந்த சி தப்பாத்தான் விழுந்திச்சு. ஒரு கம்பி செத்துப்போச்சு. நீ கேட்டிருந்தா வெட்கமா போயிருக்கும்."

"யார் சொன்னா தப்புன்னு? ஆறு வருஷம் வாசிச்சவன் நான், எனக்குத் தெரியாதா? சுத்தமா கேட்டிச்சு டாடி, ஒரு கம்பி..."

றஜீவ் பாதியில் நின்றான்.

இந்த முறை லைன் நிற்கவில்லை. அவன் பின்னால் யன்னல் திரை காற்றில் அசைந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் பார்த்திருந்த மீன் மாட்டிவிட்டது. இழுக்க வேண்டியதுதான் பாக்கி. டக்ளஸுக்குத்தான் கை வரவில்லை. இன்னும் இருநூறு பேரைச் சேர்க்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

"எல்லாரும் நின்னாங்க," என்றான் றஜீவ், கீழே பார்த்தபடி. "நீங்க மட்டும் நிக்கல. அப்பதான் ஜூலி ஆன்ட்டி மம்மியோட முகத்தைக் காட்டினாங்க. பார்க்க முடியல. நான்தான் கட் பண்ணினேன். வாராவாரம் நீங்க சொன்ன மாதிரியேதான் நடந்திச்சு, டாடி."