மூன்றாவது கிழிசல்

"இது யாரோட தொப்பி?"

வேலைக்காரிகளை மேய்க்கும் மிஸஸ் க்ரேல் ஓர் ஆண்பிள்ளைத் தொப்பியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள். பாத்திரம் கழுவும் அறையில், கரிவாளிக்குப் பின்னால் கிடைத்தது. வேலைக்காரிகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.

"கேக்கறேன்ல?"

"எங்க அண்ணனோடதும்மா," என்றாள் டில்லி. கடைசியில் நின்றவள். கைகள் சலவைச் சோடாவில் வெந்து சிவந்திருந்தன.

"உனக்கு அண்ணன் கிடையாது. வேலைக்குச் சேரும்போது நீயே சொன்ன."

டில்லி அழ ஆரம்பித்தாள்.

வெல்டன் மாளிகையில் வேலைக்காரிகளுக்கு முதல் விதி, ஆள் கூடாது. காதலன், நிச்சயித்தவன், சும்மா நின்று பேசியவன், எல்லோரும் ஆள்தான். ஒருவன் பின்வாசலில் நின்றது தெரிந்தால் போதும், வேலை போகும். நற்சான்று கிடைக்காது. நற்சான்று இல்லாதவளை அடுத்த வீடு வாசலில் நிற்கவிடாது.

"காலையில கெளம்பு," என்றாள் மிஸஸ் க்ரேல். "இப்ப வேணாம். ராத்திரி இத்தனை பேர் சாப்பிடப் போறாங்க. தட்டு யாரு கழுவறது?"

மேலே நடனக்கூடத்தில் இரண்டு பேர் முட்டி போட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் பூ வரைந்துகொண்டிருந்தார்கள். பெண்களின் செருப்பு வழுக்கக்கூடாது. எஜமானி மிஸஸ் வெல்டனுக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். நடன விருந்து எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

"மேல ஆள் பிடிக்கறதுக்குத் தரையெல்லாம் பூ," என்றாள் ஹெஸ்டர், மாடிப்படியில் ஏறிக்கொண்டே. "கீழ ஆள் வந்தா பெட்டி தெருவுல."

"வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இரு அக்கா," என்றாள் பின்னால் வந்தவள். "அந்தக் கெழவிக்குப் பாம்புக் காது."

ஹெஸ்டர் சும்மா இருந்தாள். அவளுக்கும் ஓர் ஆள் இருந்தான்.

அந்த வீட்டில் அவள் பெயர் ஜேன். அந்த வேலைக்கு யார் வந்தாலும் ஜேன்தான். எஜமானிக்குப் புதுப் பெயர் மனதில் நிற்காது. ஹெஸ்டர் என்று கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் மிச்சம். பெயர் ஏபெல். பக்கத்து ஊர்ப் பிரபு வீட்டில் சாரட்டு ஓட்டுபவன். விருந்துக்கு விருந்து அந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வருவான். குதிரைகள் காத்திருக்கும் நேரத்தில் லாயத்தின் பின்னால் இருவரும் பேசுவார்கள்.

போன விருந்தில் அவன் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தான். லட்லோ ஊரில் அவன் தம்பி சரக்கு வண்டி ஓட்டுகிறான். கூட்டுக்கு ஆள் தேடுகிறான். இந்த வாரத்துக்குள் ஏபெல் சொல்லாவிட்டால் வேறு ஒருவனைச் சேர்த்துக்கொள்வான். ஏபெல் எஜமானர்களோடு லண்டன் போய்விடுவான். அதோடு முடிந்தது.

"யோசிச்சு வை," என்று சொல்லியிருந்தான். "மேல எல்லாரும் சாப்பிட உக்காரும்போது நான் நீ தைக்கற அறை ஜன்னலுக்குக் கீழ நிப்பேன். எறங்கி வந்தா சரின்னு அர்த்தம். வரலன்னா நான் எதுவும் கேக்க மாட்டேன்."

ஹெஸ்டருக்கு முப்பத்தொரு வயது. எதையும் நம்பும் வழக்கம் அவளுக்கு எப்போதோ போய்விட்டது. ஆனால் இதற்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

*

பெண்கள் மேலங்கி கழற்றும் அறையில் அவளுக்கு வேலை. ஊசி, நூல், குண்டூசி, ஒரு முக்காலி. ஆட்டத்தில் கவுனை யாராவது மிதித்துக் கிழித்தால் இங்கே வருவார்கள். ஹெஸ்டர் தரையில் மண்டியிட்டுத் தைப்பாள். அவள் தலைக்கு மேலே பேசுவார்கள்.

லவீனியா சீமாட்டி இரண்டாவது ஆட்டத்திலேயே வந்தாள். ஏபெல் ஓட்டுகிற சாரட்டில் வருபவள். பிரபுவின் மூத்த மகள். தங்கைகள் மூவருக்கும் கல்யாணமாகிவிட்டது.

"கிழிஞ்சிடுச்சு," என்றாள்.

கீழ்விளிம்பு லேஸ் ஒரு முழம் தொங்கியது. ஹெஸ்டர் தைத்தாள். தைக்கும்போது அவளுக்கு அந்த வலது கைதான் கண்ணில் பட்டது. முழங்கை வரை வெள்ளைக் கையுறை. தினமும் ஏபெல் கையைப் பிடித்துக்கொண்டு சாரட்டில் ஏறும் கை. தினமும் இறங்கும் கை. ஹெஸ்டர் அவன் கையைப் பிடித்தது மொத்தமே இரண்டு தடவை, இருட்டில். ஊசியை அந்தக் கையுறையில் ஏற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். பல்லால் நூலை அறுத்தாள்.

"ஆச்சுங்க சீமாட்டி."

கூடத்தில் ஆட்டங்கள் போயின. கடைசியாக வாத்தியம் நின்றது. நாற்காலிகள் நகரும் சத்தம். ஆண்கள் பெண்களுக்குக் கை கொடுத்துச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போகிறார்கள். ஹெஸ்டர் ஊசியைச் செருகி வைத்தாள். சால்வையை எடுத்தாள்.

கதவு திறந்தது. லவீனியா.

"மறுபடியும் கிழிஞ்சிடுச்சு."

அதே இடம். தையல் மட்டும், கையால் பிரித்தாற்போல், ஒழுங்காகப் பிரிந்திருந்தது.

"இப்ப ஆட்டம் இல்லீங்களே."

"யாரோ மிதிச்சுட்டாங்க. தை."

ஹெஸ்டர் மண்டியிட்டாள். லவீனியா முக்காலியில் உட்கார்ந்தாள். மணிக்கட்டில் நடனச் சீட்டு ஒரு பட்டு நூலில் ஆடியது. ஆடக் கேட்கிற ஆண்கள் பெயர் எழுதுகிற சீட்டு. ஹெஸ்டரின் கண்ணுக்கு நேரே அது திரும்பியது. ஓர் எழுத்துகூட இல்லை.

அவளுக்குப் புரிந்தது. கை கொடுக்க ஆள் இல்லாமல் சாப்பாட்டு அறைக்குள் தனியாக நுழைய முடியாது. எல்லோரும் பார்ப்பார்கள். கவுன் கிழிந்தவள் இங்கே உட்காரலாம், சாப்பாடு முடியும் வரை.

நான்கு தையல் போட்டு எழுந்தாள். "ஆச்சுங்க."

"இன்னும் கெட்டியாப் போடு."

"கெட்டியாத்தான் இருக்குங்க."

"உனக்கென்ன அவசரம்?"

"அவசரம் இல்லீங்க."

"அப்ப தை. ரெண்டாவது வரிசை போடு."

ஹெஸ்டர் தைத்தாள். தலைக்கு மேலே இருந்தது ஜன்னல். அதற்குக் கீழே முற்றத்தில் பனி. நேரம் போய்க்கொண்டிருந்தது.

"என் கவுன் உனக்குப் பிடிச்சிருக்கா?" என்றாள் லவீனியா. பேச்சுத் துணைக்குக் கேட்டாள்.

"எனக்குப் பிடிச்சு என்னங்க ஆகப்போகுது? பிடிக்க வேண்டியவங்களுக்குப் பிடிக்கணும்."

"என்ன சொன்ன?"

"ரெண்டு தடவையும் ஒரே எடத்துல மிதிச்சிருக்காருங்களே, அவரைச் சொன்னேன். அந்த ஐயாவுக்கு இந்த லேஸ் மேல என்ன கோவமோ. சீட்டுல பேருகூட எழுதாம மிதிச்சுட்டுப் போயிருக்காரு."

லவீனியா சீட்டைக் கைக்குள் மூடினாள். முகம் கழுத்து வரை சிவந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கீழே, விளக்குக் கம்பத்தடியில் ஓர் ஆள் நின்றிருந்தான். தோளில் பனி. ஜன்னலில் ஒரு பெண்ணின் நிழல் தெரிந்ததும் அவன் தொப்பியைக் கழற்றினான். அண்ணாந்து சிரித்தான்.

அவளுடைய சாரட்டுக்காரன்.

எட்டு வருடமாக அவன் அவளை ஏற்றி இறக்குகிறான். நாளெல்லாம் அவள் கையைத் தொடும் ஒரே ஆண் கை அவனுடையது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கேகூட முழுதாகச் சொல்லிக்கொண்டதில்லை. சில நாள் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லாமல் வண்டி கட்டச் சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை. முன்பல் ஒன்று உடைந்திருப்பது இன்றுதான் தெரிந்தது.

ஒரு நொடி, தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று நினைத்தாள்.

பிறகு அவனுக்கு அவள் முகம் தெரிந்தது. சிரிப்பைத் துடைத்தாற்போல் எடுத்தான். தலை குனிந்து கும்பிடு போட்டான். தொப்பியை வைத்துக்கொண்டு லாயத்தின் பக்கம் திரும்பி நடந்தான்.

லவீனியாவின் தோளுக்குப் பக்கத்தில் மூச்சு கேட்டது. வேலைக்காரியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனை உனக்குத் தெரியுமா?"

ஹெஸ்டரின் கண் முற்றத்திலேயே இருந்தது. அவன் போய்க்கொண்டிருந்தான். அவள் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு போகிறான். இனி கேட்க மாட்டான்.

"உன்னைத்தான் கேக்கறேன். இந்த வீட்டுல வேலைக்காரிகளுக்கு ஆள் கூடாதுன்னு இருக்குல்ல?"

"இருக்குங்க."

"அப்புறம்?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சீமாட்டி," என்றாள் ஹெஸ்டர். ஜன்னல் கொக்கியைத் தட்டித் திறந்தாள். குளிர் உள்ளே பாய்ந்தது.

"ஏபெல்!"

அவன் நின்றான்.

"சரி! கேட்டுதா? சரின்னு சொல்றேன்!"

முற்றத்தில் இருந்த மற்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருவன் சீட்டியடித்தான். ஹெஸ்டர் ஜன்னலைச் சாத்தினாள். மண்டியிட்டு ஊசியை எடுத்தாள்.

"ரெண்டாவது வரிசை பாதியில நிக்குது. உக்காருங்க."

லவீனியா உட்காரவில்லை. நூல் தொங்க அப்படியே வெளியே போனாள்.

*

அவள் போனது மிஸஸ் வெல்டனிடம். சாப்பாட்டு அறை வாசலில் எஜமானி இரண்டு விருந்தாளிகளோடு நின்றிருந்தாள். லவீனியா தாழ்ந்த குரலில் சொன்னாள். இப்படி ஒன்று நடக்கிறது, சொல்ல வேண்டியது என் கடமை, உங்கள் வீட்டுக்கு ஒரு பேர் இருக்கிறது.

"யாரு, ஜேனா? ஒன்பது வருஷமா இருக்காளே!" மிஸஸ் வெல்டன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை சொன்ன கண்ணு. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு இந்தக் கண்டிப்பு எங்க இருக்கு?"

பக்கத்தில் நின்ற சர் ஆம்ப்ரோஸ் இதைக் கேட்டார். இரண்டு மனைவிகளைப் புதைத்தவர். வீட்டில் வேலைக்காரிகள் அடங்குவதில்லை என்று மூன்று மாவட்டத்திலும் புலம்பிக்கொண்டிருப்பவர். லவீனியாவை ஏற இறங்கப் பார்த்தார். அப்படி அவளை ஓர் ஆண் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

"அடுத்த ஆட்டத்துக்கு யாராவது எழுதியிருக்காங்களா?" என்று கேட்டுச் சீட்டை வாங்கித் தன் பெயரைப் பெரிதாக எழுதினார்.

மேலங்கி அறையில் மிஸஸ் க்ரேல் கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"உனக்கு இந்த வயசுல இது தேவையா?"

"இந்த வயசுல தேவையில்லாம வேற எந்த வயசுலம்மா? வந்தப்ப எனக்கு இருபத்திரண்டு. அப்பவும் கூடாதுன்னுதானே சொன்னீங்க."

மிஸஸ் க்ரேல் இடுப்புச் சாவிக்கொத்தைத் தடவினாள். மிஸஸ் என்பது பட்டத்துக்கு. அவளுக்கும் கல்யாணம் ஆனதில்லை. இந்த மாளிகைகளில் சாவிக்கொத்து இடுப்பில் ஏறியதும் கன்னிக்கிழவிக்கும் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

"நற்சான்று கெடையாது," என்றாள்.

"தெரியும்."

"காலையில போ. இப்ப இல்ல. இன்னும் ரெண்டு ஆட்டம் இருக்கு. கிழிஞ்சா யாரு தைக்கறது?"

ஹெஸ்டர் ஊசியை மிஸஸ் க்ரேலின் மேலாடையில், சாவிக்கொத்துக்கு மேலே, அழகாகச் செருகினாள்.

"டில்லி தட்டைக் கழுவட்டும். சின்னப் பொண்ணு, பயம். நான் இப்பவே போறேம்மா."

*

சர் ஆம்ப்ரோஸ் கனமானவர். ஆட்டத்தின் நடுவில் லவீனியாவின் கவுனை மிதித்தார். பாதித் தையலில் நின்ற லேஸ் சுற்று முழுக்கப் பிரிந்து வந்தது. மூன்றாவது கிழிசல், இது மட்டும் நிஜம். அவள் ஏறக்குறைய மகிழ்ச்சியோடு மேலங்கி அறைக்கு ஓடினாள். முக்காலி இருந்தது. நூல் இருந்தது. தைக்க யாரும் இல்லை.

லேஸைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தாய் ஏற்கனவே சாரட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஓட்டும் இருக்கையில் ஏபெல். அவன் பக்கத்தில், குதிரைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மடியில் தகரப் பெட்டியோடு அந்த வேலைக்காரி.

"அவளை இறக்கு," என்றாள் லவீனியா.

"லட்லோ நம்ம வழியிலதான் இருக்குங்க சீமாட்டி. அங்க எறங்கிக்குவா. காலையில நானும் கணக்கு முடிச்சுக்கறேன்."

"இறக்குன்னு சொல்றேன்."

"அவ எறங்கினா நானும் எறங்கணுங்க. இந்தப் பனியில வேற யாராவது ஓட்டறதா இருந்தா கடிவாளத்தைக் கொடுத்துடறேன்."

மரியாதையாகத்தான் சொன்னான். வாசலில் நின்ற சேவகர்கள் எங்கேயோ பார்த்தார்கள்.

சாரட்டின் படியருகே லவீனியா நின்றாள். வலது கையைப் பழக்கத்தில் நீட்டிவிட்டாள். எட்டு வருடத்தில் முதல் தடவையாக ஏபெல் இறங்கி வரவில்லை. வீட்டுச் சேவகன் ஒருவன் ஓடிவந்து கை கொடுத்தான். அவனுடையது கையுறை போட்ட கை.

வண்டி புறப்பட்டது. தாய் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"யாராவது கேட்டாங்களா?"

"சர் ஆம்ப்ரோஸ் ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வர்றேன்னிருக்கார்."

"அவனுக்கு அறுபது இருக்குமே."

"இருக்கும்."

"நல்லது," என்றாள் தாய். மறுபடி தூங்கிப்போனாள்.

முன்பலகைக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"குளிருதா ஹெஸ்டர்?"

ஜேன் என்றல்லவா சொன்னார்கள். லவீனியா பலகையில் காதை வைத்தாள். பதில் கேட்கவில்லை. சக்கரச் சத்தம். பிறகு இரண்டு பேர் சிரிக்கும் சத்தம். லட்லோ வரும்வரை அவள் காதை எடுக்கவில்லை.