பிரசவ அறைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை

செண்பகவல்லிக்குச் சங்கத்தில் கொடுத்த முதல் வேலை, அழைப்பிதழ் உறைகளில் ஸ்டாம்பு ஒட்டுவது. இரண்டு நாள் ஒட்டினாள். மூன்றாம் நாள், “சார், இதை வீட்டுல என் தங்கச்சிகூட ஒட்டிடுவா. எனக்கு டிக்கெட் புஸ்தகம் குடுங்க, வித்துட்டு வரேன்” என்று கேட்டுவிட்டாள்.

சங்கத்துக் காரியதரிசி சுந்தரராமன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்ப்பவர். ஆபீஸ் முடிந்ததும் நேரே பம்பாய் மாட்டுங்காவில் இருந்த அன்னை சேவா சங்கத்துக்கு வந்துவிடுவார். “காலேஜ்லேந்து வர பொண்கள் நான் சொன்னதைத்தான் செய்வா. நீ நேக்கே வேலை சொல்றியே” என்றார். ஆனாலும் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

கல்லூரியில் சமூகவியல் கடைசி வருஷம் படிக்கிறவர்கள் ஏதாவது ஒரு தர்ம ஸ்தாபனத்தில் ஒரு டெர்ம் முழுக்க வேலை பழக வேண்டும் என்று விதி. மற்றப் பெண்கள் ஃபோர்ட் பக்கத்துப் பெரிய ஸ்தாபனங்களுக்குப் போனார்கள். செண்பகவல்லி இந்தச் சின்னச் சங்கத்தை வலியக் கேட்டு வாங்கினாள். தாராவியில் ஒரு பிரசவ அறை கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதுதான் காரணம். அவள் பிறந்து வளர்ந்தது பக்கத்து லேபர் கேம்பில். அப்பா சுயம்பு ரயில்வே பட்டறையில் தச்சு வேலை. மழைக்காலத்தில் தாராவிச் சந்துக்குள் எந்த டாக்சியும் வராது என்பதும், வலி கண்ட பெண்களைக் கைவண்டியில் வைத்துத்தான் சயான் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இடம் கிடைத்திருந்தது. அங்கேயே தங்கிப் பார்க்க ஒரு நர்சம்மாவும் சம்மதித்திருந்தாள். கட்டடத்துக்குத்தான் பணமில்லை. அதற்காகச் செப்டம்பரில் மாட்டுங்காவின் பெரிய ஹாலில், மெட்ராஸிலிருந்து பேர்பெற்ற ஒரு நாட்டியக்காரியை வரவழைத்து மாலைக் கச்சேரி ஏற்பாடு. செண்பகவல்லி மாடி மாடியாக ஏறி டிக்கெட் விற்றாள். முன்வரிசை முழுக்கப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து யுத்தம் வந்தது.

அறுபத்தைந்தாம் வருஷம். பொழுது சாய்ந்தால் பம்பாயில் பிளாக் அவுட். ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம். ரயிலுக்குள் நீல விளக்கு. ஹால்காரர்கள் சாயங்கால நிகழ்ச்சி எதுவும் கிடையாது என்று கையை விரித்தார்கள். மெட்ராஸிலிருந்து டிரங்க் கால் வந்தது. இந்தச் சமயத்தில் நாட்டியக்கார அம்மா பிரயாணம் செய்வதாக இல்லை என்றார்கள்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. சுந்தரராமன் சோர்ந்து போயிருந்தார். “வேற வழியில்லை. அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட்டுடலாம். டிக்கெட் பணத்தைத் திருப்பிக் குடுத்துடுவோம். ஊரே யுத்த நிதிக்குக் குடுத்துண்டிருக்கறச்சே நாம போய்க் கையேந்தறதும் அழகில்லை.”

எல்லோரும் தலையாட்டினார்கள். மூலையில் நின்ற செண்பகவல்லி ஆட்டவில்லை.

“பொறக்கப் போற குழந்தைங்க அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்காதே சார்” என்றாள்.

“அதுக்கு என்ன பண்ணச் சொல்றே? ஹாலும் இல்லை, ஆடறவாளும் இல்லை.”

“ராத்திரிதானே பிளாக் அவுட்? ஞாயித்துக்கிழமை காலைல வச்சுக்கலாம். மாட்டுங்காவுல வேண்டாம், தாராவியிலேயே வைப்போம். ரூம் எங்க வரப்போகுதுன்னு ஜனங்க கண்ணால பாக்கட்டும். எங்க கேம்ப்ல பிரம்மநாயகம்னு ஒருத்தர் இருக்கார். வில்லுப்பாட்டுல கெட்டிக்காரர். ரயில் செலவு கிடையாது.”

யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. “அப்புறம், தாராவி ஜனங்களுக்கும் டிக்கெட் விக்கணும். ஒரு ரூபா டிக்கெட்.”

சுந்தரராமன் நிமிர்ந்தார். “என்னம்மா இது? அவாளுக்காகத்தானே நாம பணம் சேக்கறோம்? அவா கிட்டயே எப்படி வாங்கறது?”

“அவங்க வீட்டுப் பொண்ணுங்க பிரசவிக்கப் போற ரூம், சார். நம்ம ரூம்னு அவங்க சொல்லணும்னா அவங்க காசும் அதுல இருக்கணும். சும்மா குடுத்தா அது சங்கத்து ரூம்.”

சுந்தரராமன், “ஒரு வாரம் டயம். இடம் பிடிச்சுண்டு வா, அப்புறம் பார்க்கலாம்” என்றார். வாசல் இறங்கும்போதே அவளுக்குத் தெரியும், பிடித்துவிடலாம் என்று.

நேரே ஜமாலிடம் போனாள். தாராவியில் தோல் பெட்டி தைக்கும் பட்டறை வைத்திருந்தார் ஜமால். தென்காசிப் பக்கத்துக்காரர். பெரிய தகரக் கூரை, இருநூறு பேர் தாராளமாக உட்காரலாம். மழை பெய்தாலும் கவலையில்லை.

“தங்கச்சி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு மூடுதேன். ஞாயித்துக்கிழமையும் மூடுனா ஆர்டர் என்னாவும்? மெஷினையெல்லாம் வேற நவட்டணும்” என்று ஜமால் தாடியைத் தடவினார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி நஜ்முன்னிசா, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். எட்டு மாசம்.

“மூடுங்க” என்றாள்.

“இல்ல புள்ள, ஆர்டர்...”

“உங்க பெட்டி ஒரு நாளு பொறுக்கும். நா பொறுக்க மாட்டேன்.”

ஜமால் செண்பகவல்லி பக்கம் திரும்பினார். “மெஷினை நவட்ட ஆளு நீதான் கூட்டிட்டு வரணும், தங்கச்சி” என்றார்.

அடுத்து மாட்டுங்கா. வாங்கிய டிக்கெட்டை மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். நாட்டியம் என்று விற்றுவிட்டு வில்லுப்பாட்டு என்று போய் நிற்பது லேசான காரியமில்லை. சிலர் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவள் முகம் சுளிக்காமல் கொடுத்தாள். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து டாக்டர் வீட்டு மாமி மட்டும் கதவைப் பிடித்தபடியே யோசித்தாள்.

“தாராவிக்கா? ஒரே சேறா இருக்குமேடி. நாத்தம் வேற.”

“சேறு இருக்கும் மாமி. நாத்தமும் இருக்கும். நீங்க ரெண்டு மணி நேரம் இருந்துட்டு வீட்டுக்கு வந்து கால் கழுவிடலாம். அங்க பிள்ளை பெறுறவங்க அதுலயேதான் பெறுறாங்க.”

மாமிக்குச் சுருக்கென்றது. ஆனால் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

தாராவியில் ஒரு ரூபாய் டிக்கெட் அவள் நினைத்ததைவிட வேகமாகப் போனது. “நமக்கும் டிக்கெட்டா?” என்று முதலில் சிரித்த பெண்கள், அடுத்த நாள் ரூபாயை மடித்து வைத்துக்கொண்டு அவளைத் தேடி வந்தார்கள். இனாமாகக் கேட்டவர்களிடம், “காசு குடுத்தா நாற்காலி, குடுக்கலேன்னா நின்னு பாக்கணும்” என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பட்டறை வாடகை நாற்காலிகளால் நிறைந்திருந்தது. சுயம்புவும் அவர் கூட்டாளிகளும் மெஷின்களை நகர்த்தி, பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். தாராவிக்காரர்கள் எட்டரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாட்டுங்காக்காரர்களுக்கு ஒதுக்கிய முன்வரிசைகள் மட்டும் காலியாகக் கிடந்தன. பத்து மணி ஆயிற்று. செண்பகவல்லி காலி நாற்காலிகளையே எண்ணிக்கொண்டிருந்தாள். வில்லும் உடுக்கையுமாக உட்கார்ந்திருந்த பிரம்மநாயகம், “ஆரம்பிச்சிருவமா தாயி?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

“அஞ்சே நிமிஷம் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

சந்து முனையில் குடைகள் தெரிந்தன. முன்னால் சுந்தரராமன், வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு. அவர் பின்னால் டாக்டர் வீட்டு மாமி, கமிட்டிக்காரர்கள், இன்னும் ஒரு பெரிய கூட்டம். செருப்புகளைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் அடி பார்த்து வந்தார்கள். “வீடு வீடாப் போய்க் கூட்டிண்டு வந்தேன்” என்றார் சுந்தரராமன், மூச்சு வாங்க. “தனியா விட்டா பாதிப்பேர் திரும்பிப் போயிடுவா.”

பிரம்மநாயகம் வில்லைத் தட்டினார். மணிகள் குலுங்கின. தாராவியில் நடந்த கதையையே பாட்டாகக் கட்டியிருந்தார். பேராச்சி என்பவளைக் கைவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை.

“கொட்டுகிற மழையினிலே கைவண்டி கவிழ்ந்ததுவே!”

“ஆமா, கவிழ்ந்ததுவே!” என்றது பின்பாட்டு.

“கண்ணீரும் கம்பலையுமாய்க் கதறியழுதாளே!”

“நிறுத்தும் அண்ணாச்சி!”

பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி எழுந்து நின்றாள். பேராச்சியேதான்.

“வண்டி கவுந்துச்சுன்னு யாரு சொன்னா? சக்கரம் பள்ளத்துல எறங்கிட்டு. தள்ளுன ஆம்பளய ரெண்டு பேரும் முழிச்சிக்கிட்டு நிக்காவ. நாந்தான் எறங்கி நடந்தேன். அழுதேங்கியேரு! நா எங்க அழுதேன்? அவியள நல்லா வஞ்சேன்!”

சிரிப்பில் பட்டறையே அதிர்ந்தது. பிரம்மநாயகம் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டார். “அப்பம் நீயே வந்து சொல்லு தாயி. பாட்டு கட்டுனவனுக்கு என்ன தெரியும்?”

செண்பகவல்லி ஓடிப்போய்ப் பேராச்சியின் கையைப் பிடித்து மேடையில் ஏற்றினாள். பேராச்சிக்குக் கூச்சமே இல்லை. மூடிக்கிடந்த டீக்கடை பெஞ்சில் குழந்தை பெற்றதை, கூட வந்து குடை பிடித்த கிழவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றதை, அந்த வழியாக வந்த கோலி மீனவப் பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தொப்புள்கொடி அறுத்ததைச் சொன்னாள். தாராவியும் சிரித்தது, மாட்டுங்காவும் சிரித்தது. அப்புறம் அவள் குரல் இறங்கியது.

“எனக்கு நல்ல நேரம். எங்க அடுத்த வீட்டுச் சொர்ணத்துக்கு அந்த நல்ல நேரம் இல்ல. அதே பள்ளந்தான். தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு.”

குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

அடுத்துக் காரியதரிசி சொற்பொழிவு என்று ஏற்பாடு. செண்பகவல்லி சுந்தரராமனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்து, “நீயே பேசு” என்றார். அவள் மேடையேறினாள்.

“டிக்கெட் காசுல அஸ்திவாரமும் சுவரும் வந்துடும். இன்னும் கூரை வேணும், கதவு வேணும், ரெண்டு கட்டில் வேணும். பணமா கேக்கல. யாரு எதைத் தரப்போறீங்கன்னு சொல்லுங்க.”

முதல் குரல் பின்னாலிருந்து வந்தது. அவளுடைய அப்பா. “கதவும் ஜன்னலும் நாங்க பண்ணித் தாரோம். ரயில்வே பட்டறை ஆளுவ அஞ்சு பேரு, ஞாயித்துக்கிழமதோறும் வருவோம்.”

“கட்டில் ரெண்டும் நான் வாங்கித் தரேன்” என்று எழுந்தாள் டாக்டர் வீட்டு மாமி. “மெத்தையோட.”

ஜமால் தயங்கவில்லை. “குர்லாவுல தகரம் விக்கிற சேட்டு எனக்குத் தோஸ்து. கூரை என் பொறுப்பு.”

அப்புறம் யாரும் நிறுத்தவில்லை. ஒருத்தர் சிமெண்ட் என்றார், ஒருத்தர் குழாய் என்றார். கையில் ஒன்றுமில்லாத பெண்கள் மண் சுமக்க வருகிறோம் என்றார்கள். சுந்தரராமன் சேறு அப்பிய காலோடு முன்வரிசையில் உட்கார்ந்து, கைதட்டிக் கைதட்டிக் களைத்துப் போனார்.

எல்லாம் சொன்னபடி நடந்துவிடவில்லை. சிமெண்ட் தருகிறேன் என்றவர் பிறகு கண்ணில் படவேயில்லை. அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கும்போதே நஜ்முன்னிசாவுக்கு வலி எடுத்துவிட்டது. நல்லவேளையாகப் பகல். சந்து முனை வரை நடந்து டாக்சி ஏறி, சயான் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்றாள். “உன் ரூமு எனக்கு லேட்டு” என்று செண்பகவல்லியைக் கேலி செய்தாள். “அடுத்ததுக்கு ஆகும் அக்கா” என்றாள் இவள். ஜமால் காதைப் பொத்திக்கொண்டார்.

பொங்கல் கழிந்து அறை திறந்தார்கள். அதற்குள் டெர்ம் முடிந்துவிட்டது. சுந்தரராமன் அவளைக் கூப்பிட்டு, “படிப்பு முடிஞ்சதும் சங்கத்துக்கே வந்துடு. சம்பளம் பெரிசா இருக்காது. ஆனா ஸ்டாம்பு ஒட்டச் சொல்ல மாட்டேன்” என்றார்.

“வரேன் சார். ஆனா கமிட்டியில எனக்கும் ஓட்டு வேணும்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “கேப்பேன்னு தெரியும்.”

திறப்பு விழாவன்று ரிப்பன் வெட்டும் நேரத்தில் அவளைத் தேடினார்கள். காணோம். பம்பாய் ஓரத்து மான்குர்தில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் இருக்கின்றன, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை என்று அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் விழாவுக்கு வந்த இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு இடம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று அவர்களோடு ரயிலேறிவிட்டாளாம்.