கொதிகலனுக்கு அடியில் ஒரு தகடு

துறைமுகத்தில் அவளைக் கிழவி என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்த நீராவி இழுவைப் படகு. வேலையிலிருந்து அவளையும் அவளுடைய என்ஜின் டிரைவரையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். மனுஷன் வீட்டில் உட்கார்ந்தால்தானே! ஏழு வருடமாகத் தினமும் வந்து பித்தளையைத் துலக்கினார். "அங்கேயே படுக்கையைப் போட்டுக்கோங்க" என்று பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அருங்காட்சியகத்து அதிகாரி பார்க்க வருவதாகச் சேதி வந்தது. அவருக்குப் பிடித்தால் கிழவிக்கு அங்கே நிரந்தர இடம். இல்லாவிட்டால் உடைப்பதற்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஞாயிறு காலை டிரைவர் துரு தட்டும் சுத்தியலோடு கொதிகலனுக்கு அடியில் ஊர்ந்து போனார். பெண்டாட்டியின் தம்பி, அதே படகில் கயிறு பிடித்தவன், மேலிருந்து கத்தினான்.

"மாமா, அந்த அடித்தகட்டை மட்டும் தொடாதீங்க! துருதான் அவளைப் பிடிச்சு வெச்சிருக்கு."

"எனக்கே பாடம் எடுக்கிறியா மச்சான்? வர்றவரு டார்ச் அடிச்சுப் பார்ப்பாரு. வீட்டுக்கு ஆள் வரும்போது பெருக்காம வெச்சிருப்பியா?"

அவருக்குத் தெரியாதா என்ன? முப்பது வருடம் அந்தத் தகட்டில் யாரையும் கை வைக்க விடாதவரே அவர்தான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. துரு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. நாலாவது தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டது.

விரல் கனத்துக்குக் கடல்தண்ணீர் பீறிட்டது. உள்ளங்கையால் அழுத்தினார். மச்சான் ஓடிவந்து மர ஆப்பை வைத்து அடித்தான். தகடு சருகாக உதிர்ந்து ஓட்டை தலையளவு ஆனது. பம்பு ஈடுகொடுக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நகரமாட்டேன் என்று நின்றவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் மேலே கொண்டுவந்தான். மத்தியானத்துக்குள் புகைபோக்கி மட்டும் வெளியே தெரிந்தது.

மறுநாள் அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். "எப்படி ஆச்சு?"

"வயசாயிடுச்சு சார். தானா விட்டுடுச்சு," என்று மச்சான் முந்திக்கொண்டான்.

அதிகாரி உச்சுக்கொட்டினார். "பார்த்துக்க ஒரு ஆள் இருந்திருந்தா தப்பிச்சிருக்கும். கேட்பாரில்லாமப் போச்சு." அதையே தாளிலும் எழுதிக்கொண்டார்.

டிரைவர் ஓரடி முன்னால் வந்தார். நான் இருந்தேன் என்று சொன்னால், நான்தான் கொன்றேன் என்றும் சொல்லவேண்டும்.

"நீங்க யாரு பெரியவரே?" என்றார் அதிகாரி.

டிரைவர் துருப் படிந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சும்மா வேடிக்கை பார்க்க வந்தேங்க."