பதினோராவது படம்

கேமரா வார் அப்பாவின் மணிக்கட்டை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. மகள் அதை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய விரல்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா கத்தரிக்கோலை நீட்டினாள்.

"வெட்டிடலாம்மா."

"வேணாங்க்கா. வந்துடும்."

வந்துவிட்டது. மணிக்கட்டில் வாரின் தடம் மட்டும் நின்றது.

அப்பா முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகும் உடனே கிளம்பமாட்டார். மீட்டர் பெட்டிக்குள் சிலந்தி, சுவரில் பாசி, துருப்பிடித்த தாழ்ப்பாளில் ஒரு வண்டு என்று எதையாவது படம் எடுத்துவிட்டுத்தான் நகர்வார். "எங்க வீட்டுப் பாசியை எடுக்குறீங்க, எங்களை எடுக்க மாட்டீங்களா?" என்று கேட்பவர்களிடம், "பாசி வாயை மூடிக்கிட்டு நிக்கும்" என்பார். மனிதர்களை அவர் எடுத்ததே இல்லை.

இடுப்பெலும்பு முறிந்து படுத்ததும் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். மூன்றாவது மாடி. எதிர்ச்சாரி மரமும் அதன் கீழே பெஞ்சும் பேருந்து நிறுத்தமும்தான் அதற்குப் பிறகு அவருடைய உலகம். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையை விட்டுவிட்டு வந்த மகளுக்கும் நாலு வருடமாக அதே ஜன்னல்தான். அவள் வெளியே போய் இருபது நிமிடம் தாண்டினால் போன் அடிக்கும். "எங்கம்மா இருக்க?" என்பார். திட்டமாட்டார். திட்டியிருந்தால் திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

அண்ணன் வெளியூரிலிருந்து வந்து சேர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"டாக்டர் பதினோரு மணி வாக்குல உயிர் போயிருக்கும்னு எழுதியிருக்காரு. நீ எங்க போயிருந்த பாப்பா?"

நாற்பத்தொரு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"மருந்துக் கடைக்கு."

"அவ்ளோ நேரமா?"

"கூட்டமா இருந்துச்சு."

தையல்கார அக்கா தலையைக் குனிந்தபடி போர்வையை மடித்தாள். மருந்துக் கடைக்கு இன்று விடுமுறை என்பது அவளுக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும், தெரிந்தேதான் காலையில் கிளம்பியிருந்தாள்.

அந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் இருப்பது குளியலறைக்கு மட்டும். கேமராவோடு உள்ளே போய்த் தாழிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

இன்றைய படங்கள் பதினொன்று. எடுத்திருந்தது அவளைத்தான். முதலில் சாலையைக் கடக்கிறாள். அடுத்ததில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். படத்தின் ஓரத்தில் மணி பத்து பன்னிரண்டு. பத்து இருபத்தாறு. பத்து முப்பத்தெட்டு. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருக்கிறாள். ஒன்றில் கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் கொடுத்திருக்கிறாள். தனக்கு இப்படியொரு முகம் இருப்பது அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்குக் கை நடுங்கும். ஆனால் ஒரு படம்கூடக் கலங்கவில்லை. இன்றைக்கு அவர் போன் செய்யவும் இல்லை.

பத்தாவது படத்தில் எழுந்து நிற்கிறாள். பதினோராவதில் ஒரு பேருந்து பெஞ்சை முழுதாக மறைத்துக்கொண்டு நிற்கிறது. மணி பத்து நாற்பத்தேழு.

பன்னிரண்டாவது படம் இல்லை.

அவள் அந்தப் பேருந்தில் போகவில்லை. எந்த ஊருக்கு என்றுகூடப் பார்க்காமல் ஒரு காலைப் படியில் வைத்தாள். "ஏறுறீங்களா இல்லையா?" என்றார் ஓட்டுநர். காலை எடுத்துக்கொண்டாள். பேருந்து போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு மாடி ஏறினாள். பேருந்து நகர்ந்த பிறகு அங்கே ஒருத்தி நின்றதை அவர் பார்த்தாரா என்பதை இனி யாரிடமும் கேட்க முடியாது.

அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தாள். அழுத்த வரவில்லை.

"பாப்பா, வண்டி வந்தாச்சு" என்று கதவைத் தட்டினார் அண்ணன். வெளியே வந்தவளின் கையில் கேமராவைப் பார்த்தார். "அதுல என்ன இருக்கு?"

"எப்பவும் எடுக்கறதுதான். பூச்சி, பாசி."

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் புரியாது. நீயே வச்சுக்கோ."

அப்பாவைப் பின்னால் ஏற்றினார்கள். முன்னால் ஓட்டுநருக்கும் அண்ணனுக்கும் நடுவே அவள் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தெரு முனை திரும்பியதும் அண்ணன் பேசினார்.

"மாசக் கடைசில வீட்டைக் காலி பண்ணிடலாம். நீ எங்களோட வந்துடு. பின்கட்டு ரூம்ல அண்ணியோட அம்மாதான் படுத்திருக்காங்க. இன்னொரு கட்டில் போடலாம். அவங்களைத் தனியா விட முடியல. உனக்குத்தான் எல்லாம் பழக்கமாச்சே."

அவர் அன்பாகத்தான் சொன்னார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தினார். வைப்பரின் நுனியில் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்தது. வெயில் ஊடுருவிய சிறகில் நரம்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. தூசி படிந்த கண்ணாடியைத் துடைக்க ஓட்டுநர் சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள்.

ஓட்டுநர் கையை எடுத்துக்கொண்டார். ரயில் போனது. கேட் திறந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. மூன்று பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தட்டானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.