பின்சீட்டில் யாருமில்லை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் கேட்டு நான் மழுப்ப வேண்டாம். 1964 மே மாதம், பம்பாயில் சயான் பாலத்து ஏற்றத்தில் ஒரு கறுப்புக் கார் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, பக்கத்தில் நடந்துபோன மீன்காரியைக்கூட முந்த முடியாமல் ஏறியது. அதைப் பார்த்தேன். எங்கிருந்து பார்த்தேன் என்பது கதைக்கு அவசியமில்லை.

என் எழுத்தும் அந்தக் கார் மாதிரிதான், சத்தம் அதிகம், நகர்வதில்லை என்று எழுதுவேன் என எதிர்பார்ப்பீர்கள். எழுதமாட்டேன். (எழுதினேன். மூன்று பாரா. கிழித்துப் போட்டாயிற்று.)

2

முதல் தொடக்கம்: தாராவியின் தகரக் கூரைகளின் மேல் வெயில்... சீ!

இரண்டாவது: கரீம் பாட்சா நல்ல மெக்கானிக். இது போதும். ஊர் மேலப்பாளையம், ஒர்க்‌ஷாப் தாராவி, வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பக்கத்து மாட்டுங்காவின் வசதிக்காரர்கள். அன்று மத்தியானம் அவர் வாசலில் அந்தக் கார் புகைநாற்றத்தோடு வந்து நின்றது. ஓட்டி வந்தவன் சொரிமுத்து. பக்கத்தில் முதலாளி வெங்கடராமன். பின்சீட்டில் அவருடைய

(வேண்டாம். பின்சீட்டில் யாருமில்லை.)

"என்னய்யா இது, ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஊரைக் கூட்டறது, நகர மாட்டேங்கறது!" என்று வெங்கடராமன் இறங்கும்போதே ஆரம்பித்தார். "கார்பரேட்டரைப் பாரு. பிளக்கைப் பாரு. பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்துட்டானோ என்னமோ!"

கரீம் எதையும் பார்க்கவில்லை. வண்டியில் ஏறி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டாப் கியரில் போட்டு, எஞ்சினை முடுக்கி, கிளட்சிலிருந்து காலை எடுத்தார். ஒழுங்கான வண்டியாக இருந்தால் எஞ்சின் விக்கி அந்த இடத்திலேயே அணைந்திருக்கும். இது பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தது.

"எஞ்சினுக்கு ஒரு கொறையும் இல்ல சார். கிளட்ச் பிளேட்டு தேஞ்சு வழுக்குது. எஞ்சின் சுத்துறது சக்கரத்துக்குப் போய்ச் சேரல."

பிறகு குனிந்து கிளட்ச் பெடலை விரலால் அழுத்தினார். அழுத்தியவர் அப்படியே இருந்துவிட்டார்.

3

அவர் விரலுக்கு என்ன தெரிந்தது என்பதை நான் விளக்கியாக வேண்டும். விளக்கம் வந்தால் கதை நின்றுவிடுமே என்று எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் வேறு வழியில்லை.

கிளட்ச் பெடல் முதல் ஓர் அங்குலம் சும்மா இறங்க வேண்டும். அந்தத் தளர்ச்சி இல்லாவிட்டால் பிளேட் முழுசாகக் கவ்வாது. வழுக்கி வழுக்கிப் பத்தே நாளில் கருகிவிடும். இந்த வண்டியில் அந்த ஓர் அங்குலம் இல்லை. பத்து நாளைக்கு முன்னால் அதை எடுத்தவர் கரீம் பாட்சாதான்.

"பெடல் தொளதொளன்னு இருக்குன்னு ஆத்துல சொல்றா. டைட் பண்ணு" என்றார் அன்று வெங்கடராமன். தப்பு என்று கரீமுக்குத் தெரியும். மாட்டுங்காக்காரர்களிடம் வாதம் செய்தால் அடுத்த வாரம் வண்டி வேறு ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் என்பதும் தெரியும். முறுக்கிவிட்டார்.

ஓட்டிப் பார்த்த சொரிமுத்து அப்போதே சொன்னான்: "பாய், மிதியில ப்ளேயே இல்லியே?"

"சாருக்குப் புடிச்சிருக்குல்லா? நீ பேசாம ஓட்டுலே."

4

(இந்தப் பகுதியில் சொரிமுத்துவின் மனைவி முப்பிடாதியம்மாள் ஊரிலிருந்து பம்பாய் வந்து இறங்குவதை எழுதினேன். அழுகை கூடிவிட்டது, எடுத்துவிட்டேன். இந்த வேலையை நம்பித்தான் போன மாதம் அவளைக் கூட்டிவந்தான் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.)

5

"பிளேட்டு ஏன் தேஞ்சுது?" என்றார் வெங்கடராமன். பதிலையும் அவரே சொன்னார். "எனக்குத் தெரியும். இவன் பொழுதன்னிக்கும் கிளட்ச் மேலயே காலை வெச்சிண்டிருக்கான்!"

டாஷ்போர்டில் வெங்கடராமனின் மனைவி ஒட்டிவைத்த குட்டிப் பிள்ளையார் உண்டு. அதனால் அந்த வண்டியில் செருப்போடு யாரும் ஏறக்கூடாது. மூன்று வருஷமாகச் சொரிமுத்து வெறுங்காலோடுதான் ஓட்டுகிறான்.

"செருப்புக் காலா இருந்தா ஜாக்கிரதையா இருப்பான். வெறுங்கால், சொகமாப் பெடல் மேல தூங்கறது. சாவியைக் குடு. நாளைலேர்ந்து வரவேண்டாம்."

"சார், இந்தப் பிள்ளையார் சத்தியமா நான் கால அதுமேல வைக்கவே இல்ல சார்" என்ற சொரிமுத்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கரீமைப் பார்த்தான். "பாய், நீங்க சொல்லுங்க பாய்."

கரீம் பாட்சா துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

வாயைத் திறவுமய்யா! நாலு மாதமாக இந்த இடத்தில் நிற்கிறேன். எத்தனை தாள்!

6

முடிவு ஒன்று: கரீம் உண்மையைச் சொல்கிறார். வண்டியைக் கெடுத்தவன் இவன்தான் என்று வெங்கடராமன் மாட்டுங்கா முழுக்கச் சொல்கிறார். ஒர்க்‌ஷாப் வாசல் காலியாகிறது.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. தினமும் காலையில் இருவருக்கும் பொதுவான தாராவித் தண்ணீர்க் குழாயடியில் சொரிமுத்துவின் முகத்தில் விழிக்கிறார்.

முடிவு மூன்று: வெங்கடராமன் தானாகவே மனம்... இதை நானே நம்பமாட்டேன்.

முதல் இரண்டு முடிவிலும் பழி கரீம் தலையில்தான் விழுகிறது. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதனால்தான் கதை நகரவில்லை.

7

அன்று கரீம் பாட்சா கடைசியில் நிமிர்ந்தார். வெங்கடராமனைப் பார்க்கவில்லை, சொரிமுத்துவையும் பார்க்கவில்லை. பின்சீட்டைப் பார்த்தார்.

அங்கே வெங்கடராமனின் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். லீவுக்கு மதராஸிலிருந்து வந்தவன். ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றி இரண்டே நாள் வண்டி பழகிவிட்டு, "பெடல் தொளதொளன்னு இருக்கு அத்திம்பேர், டைட் பண்ணச் சொல்லுங்கோ" என்று சொன்னவன். கரீம் முறுக்கிய அன்றும் இதே சீட்டில் இருந்துகொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டியவன். கரீமின் பார்வை அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது: நீங்களாவது சொல்லுங்களேன் சார். இவன் சொன்னால் ஒருவர் பிழைப்பும் போகாது. அத்திம்பேர் அரைமணி திட்டுவார், அவ்வளவுதான்.

மே மாத வெயிலில் நான் பின்சீட்டு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

பிறகு என்ன ஆயிற்று என்று சொல்ல எனக்கு வாயில்லை. நீங்கள் எழுதுங்கள். கரீம் பாட்சாவை விட்டுவிடுங்கள். முதலில் அந்தப் பின்கதவைத் திறந்து அவனைக் கீழே இறக்குங்கள். சீக்கிரம், சாவி இன்னும் சொரிமுத்துவின் கையில்தான் இருக்கிறது.